எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனிலிருந்து உள்ளே போகும் தோட்டச் சாலையில், செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம் நிற்கிறது. அதன் பின்பக்கம் கரி படிந்த செங்கல் சுவர்கள். அதுதான் எங்கள் ஸ்டோர். என் பாட்டி அங்கே ரப்பர் சீட்டு (ஷீட், அதாவது விரிப்பு) அடித்தார். அப்பா புகைவீட்டுக்கு விறகு போட்டார். எட்டு வயதிலிருந்து அவர்களுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோனது நான். தீபாவளிக்கு ஊர் திரும்புகிற பிள்ளைகளும் பள்ளி வேலைக்காக வருகிற மாணவர்களும் இந்தக் கட்டடத்தைப் பற்றி என்னிடம் கேட்கிற கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டோர் என்றால் கடையா?

இல்லை. மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பாலைப் பதப்படுத்திச் சீட்டாக்கும் தொழிற்சாலைக்குத்தான் நம்மவர்கள் ஸ்டோர் என்று பெயர் வைத்தார்கள். முடிந்த சரக்கை அடுக்கி வைக்கும் கிடங்கும் அங்கேயே இருந்ததால் அந்தப் பெயர் மொத்த வளாகத்துக்கும் ஒட்டிக்கொண்டது. "ஸ்டோருக்குப் போறேன்" என்று பாட்டி சொன்னால் பால் தொட்டி, மிசின் கொட்டகை, புகைவீடு, பேக்கிங் அறை, எடை மேடை எல்லாம் அதில் அடக்கம். சாமான் வாங்குகிற இடம் எங்களுக்குக் கடை மட்டும்தான். இரண்டையும் யாரும் குழப்பிக்கொண்டதில்லை.

ரப்பர் இந்தப் பக்கம் எப்படி வந்தது?

கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், நம் மண்ணின் மரம் இல்லை. அதன் சொந்த ஊர் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 3,000க்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். அப்போது பேராக்கில் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசகரான பிரிட்டிஷ் அதிகாரியாக, இருந்தவர் ஹியூ லோ. சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்தப் பழைய மரங்களில் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட நில அலுவலகத்தின் அருகில் நிற்கிறது.

மரம் வந்த உடனே தோட்டம் வந்துவிடவில்லை. துரைமார்களுக்கு அப்போது காப்பிதான் பெரிது. 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் விதையைக் கொடுத்து நடச் சொன்னார். பல ஆண்டுகள் அவர் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வியாபாரத்துக்காக முதலில் ரப்பர் நட்டார். காப்பி விலை சரிந்தது, மோட்டார் வண்டி வந்தது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1910இல் விலை வானத்தைத் தொட்டது. பேராக்கிலும் சிலாங்கூரிலும் காடு காடாக வெட்டித் தோட்டம் போட்டார்கள். அந்தக் காட்டை வெட்டவும் மரத்தைச் சீவவும் கங்காணிகள் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள்தான் நம் முன்னோர்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறி பினாங்கில் இறங்கியவர்கள்.

கோயம்புத்தூர் உறவினர் பார்த்துவிட்டு "எங்க ஊர் பஞ்சாலை மாதிரிதானே" என்றார். சரியா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. பார்வைக்கு ஒத்துப்போகும். நீளக் கொட்டகை, உருளை மிசின்கள், கூரைக்குக் கீழே ஓடும் பெல்ட், வேலை நேரத்துக்கு அடிக்கும் மணி, வரிசையாக நிற்கும் பெண்கள். கோயம்புத்தூரின் முதல் மில் 1888இல் தொடங்கியது. ரிட்லி சிங்கப்பூருக்கு வந்ததும் அதே வருடம்தான். ஒரே காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் சில மில்லுக்கும் சில கப்பலுக்கும் போயின.

ஆனால் அடிப்படையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பஞ்சு காத்திருக்கும். பொதி கட்டி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. அதனால் மில்லை ஊருக்குள் கட்டலாம், பஞ்சை வேறு ஜில்லாவிலிருந்து வரவழைக்கலாம், இரவும் பகலும் ஷிப்ட் போட்டு ஓட்டலாம். ரப்பர் பால் காத்திருக்காது. மரத்திலிருந்து இறங்கிய சில மணி நேரத்தில் தானாகவே புளித்துத் திரிந்துவிடும். கொஞ்சம் அமோனியா கலந்தால் சற்றுத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். அதனால்தான் தோட்டத்துக்கு நடுவிலேயே, மரங்கள் இருக்கும் இடத்திலேயே ஆலையைக் கட்ட வேண்டியிருந்தது. லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), கள்ளுக்கடை எல்லாம் அந்த ஸ்டோரைச் சுற்றி வந்து உட்கார்ந்தன. மில் தொழிலாளி வேலை முடிந்தால் ஊருக்குப் போய்விடலாம். எங்களுக்கு வேலை செய்யும் இடமே ஊராக இருந்தது. ஸ்டோர் மூடியபோது ஊரே இல்லாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்று, மழை. மழை பெய்தால் மரம் வெட்ட, அதாவது பாலுக்காகப் பட்டையைச் சீவ, முடியாது. பால் இல்லை என்றால் தொட்டி காலி. தொட்டி காலி என்றால் மறுநாள் மிசினுக்கு வேலை இல்லை. அடைமழை மாதங்களில் பாட்டி அதிகாலையில் எழுந்து கதவைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடியும் முன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. மணி அடித்ததும் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி (எழுத்தர்) செக்ரோலை (பெயர்ப் பதிவேட்டை) பார்த்துப் பேர் கூப்பிடுவார், தண்டல் (மேஸ்திரி) ஆளுக்கு நிரை (மர வரிசை) பிரித்துக் கொடுப்பார். மரம் வெட்டுபவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும். வெட்டி முடித்து, பால் மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) சொட்டி முடியும் வரை காத்திருந்து, திரும்ப ஒரு சுற்றுப் போய் வாளியில் சேர்த்துக் காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்கு வருவார்கள்.

இதே நேரத்தில் ஸ்டோரில் வேறொரு நாள் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் புரிந்துகொண்டால்தான் ஸ்டோர் புரியும். காலையில் ஸ்டோர் பெண்கள் அடிப்பது நேற்றைய பால். முந்தின நாள் மத்தியானம் வந்து, தொட்டியில் ஊற்றி, ராத்திரி முழுக்க உறைந்ததை விடிந்ததும் எடுத்து மிசினில் விடுவார்கள். மத்தியானம் லோரியில் இன்றைய பால் வந்து இறங்கும்போது தொட்டிகள் கழுவிக் காலியாகத் தயாராக இருக்க வேண்டும். காலையில் நேற்றைய வேலை, மாலையில் நாளைக்கான வேலை. பாட்டி பேச்சில் "இன்னைக்கு" என்ற சொல் எப்போதுமே கொஞ்சம் குழப்பமாக இருக்கும். இதுதான் காரணமோ என்று பிறகு நினைத்ததுண்டு.

தொட்டியில் என்ன நடக்கும்?

மரத்துப் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். வந்த பாலைச் சல்லடையில் வடிகட்டித் தூசி, பட்டைத் துண்டு, உறைந்த கட்டி எல்லாவற்றையும் நீக்குவார்கள். அளவாகத் தண்ணீர் கலப்பார்கள். பிறகு ஆசிட். எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த ஃபார்மிக் அமிலம்தான். அதை நிறையத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்கி, மேலே வரும் நுரையை வழித்து எடுத்துவிட வேண்டும். நுரை நின்றால் சீட்டில் குமிழி விழும், தரம் போய்விடும். பிறகு தொட்டிக்குள் அலுமினியத் தகடுகளை வரிசையாக இறக்குவார்கள். தகடுகளுக்கு நடுவே பால் உறைந்து காலையில் வெள்ளை வெளேரென்று தயிர்க் கட்டி போல நிற்கும்.

அதை உருவி உருளைகளுக்கு நடுவே விட்டால் தண்ணீர் பிழிந்து போய், தடிமன் குறைந்து, நீள விரிப்பாக வரும். ஒன்றன்பின் ஒன்றாக உருளைகள், ஒவ்வொன்றிலும் இடைவெளி இன்னும் கொஞ்சம் குறைவு. கடைசி உருளையில் வரி வரியாகப் பள்ளம் இருக்கும். அது சீட்டின் மேல் அச்சு போட்டதுபோலக் கோடு விழச் செய்யும். அழகுக்கு இல்லை. வரி விழுந்தால் காற்றுப் படும் பரப்பு கூடும், சீக்கிரம் காயும், சீட்டோடு சீட்டு ஒட்டாது.

புகைவீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். அப்பாவின் இடம் அது.

கழுவிய சீட்டுகளை மூங்கில் கம்பிலும் மரக்கம்பிலும் துணி காயப்போடுவதுபோல வரிசையாகத் தொங்கவிட்டு, தண்ணீர் சொட்டி முடிந்ததும் தள்ளுவண்டியோடு உள்ளே தள்ளுவார்கள். தரையில் சின்னத் தண்டவாளம் இருக்கும். கீழே அடுப்பு, மேலே சீட்டு. நான்கைந்து நாள் உள்ளே இருந்தால்தான் வெள்ளைச் சீட்டு தேன் நிறமாகி, வெளிச்சத்துக்குப் பிடித்தால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். புகை இரண்டு வேலை செய்கிறது. சூடு ஈரத்தை எடுக்கிறது. புகையில் இருக்கும் பொருள்கள் சீட்டின் மேல் படிந்து, கப்பலில் போகும் நாட்களில் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கின்றன.

கஷ்டம் சூட்டில்தான். முதல் நாள் மிதமாக இருக்க வேண்டும், போகப்போக ஏற்றிக் கடைசியில் 60 டிகிரி பக்கம் கொண்டுபோக வேண்டும். ஆரம்பத்திலேயே சூடு ஏறினால் சீட்டில் கொப்புளம் கிளம்பிவிடும். குறைந்தால் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருந்து விறகைக் கூட்டிக் குறைக்க வேண்டும். சுவரில் வெப்பமானி இருந்தது. அப்பா அதை அதிகம் பார்க்க மாட்டார். கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு "இன்னும் ரெண்டு கட்டை" என்பார். விறகும் கித்தா மரமேதான். பால் வற்றிய கிழ மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போது கிடைப்பது. இன்று மேசை நாற்காலி செய்து ஏற்றுமதி செய்கிறார்களே, அந்த மரத்தை அந்தக் காலத்தில் அடுப்புக்கு மட்டும்தான் மதித்தார்கள்.

புகைவீடு தீப்பிடிப்பது தோட்டத்தில் எல்லோருக்கும் உள்ள பயம். தொங்கும் சீட்டு ஒன்று கழன்று அடுப்பில் விழுந்தால் போதும். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு ராத்திரி அப்படி நடந்தது. எரியும் ரப்பரின் கரும்புகை லயத்தையே மூடிவிட்டது. ஆட்கள் ஆற்றிலிருந்து வரிசையாக நின்று வாளி மாற்றினார்கள். அப்பா கையில் பட்ட தழும்பு கடைசி வரை இருந்தது. மறுநாள் விசாரணையில் முதல் கேள்வி அவர் தூங்கினாரா என்பதுதான். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்று அம்மா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒட்டுப்பால் என்றால் என்ன?

வெட்டுக் கோட்டில் காய்ந்து நூல் மாதிரி ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். மங்கில் தானாக உறைந்துபோனது கட்டிப்பால். தரையில் சிந்தியதையும் விடமாட்டார்கள். இவற்றைத் தனி மிசினில் போட்டுத் தண்ணீர் விட்டு அரைத்துக் கழுவி, சொரசொரப்பான பழுப்பு விரிப்பாக இழுப்பார்கள். அதைக் கிரேப் என்பார்கள். விலை குறைவு. நாற்றம் அதிகம். ஒட்டுப்பால் சாக்கைத் தலையில் சுமந்த பெண்களின் புடவையில் அந்த வாடை எத்தனை துவைத்தாலும் போகாது. டவுனில் பஸ் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போவார் என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

ஸ்டோரில் பெண்களுக்கு என்ன வேலை?

பெரும்பாலான வேலை அவர்களுடையதுதான். பால் தூக்கி ஊற்றுவது, தகடு இறக்குவது, உறைந்ததை உருவுவது, மிசினுக்குக் கொடுப்பது, அந்தப் பக்கம் நின்று இழுப்பது, கழுவுவது, கம்பில் போடுவது. புகைவீட்டிலிருந்து வந்த சீட்டைத் தரம் பிரிப்பதும் அவர்கள் கையில்தான் இருந்தது. கண்ணாடி பதித்த மேசையில் கீழிருந்து வெளிச்சம் வரும்படி வைத்துச் சீட்டை விரித்து, குமிழி, தூசி, கறை எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். ஒன்றாம் நம்பரிலிருந்து ஐந்தாம் நம்பர் வரை தரம். ஒன்றுக்கும் மூன்றுக்கும் விலையில் கணிசமான வித்தியாசம். லண்டன் சந்தையில் நல்ல விலை வாங்கிய சரக்கு, சுங்கை சிப்புட்டில் கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண்ணின் கண் வழியாகத்தான் போனது. தோட்ட வரலாறு எழுதுகிறவர்கள் துரைமார் பெயரையும் கம்பெனி பெயரையும் வரிசையாகச் சொல்கிறார்கள். தரம் பார்த்த ஒரு பெண்ணின் பெயரை நான் எங்கும் படித்ததில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

மிசின் ஆபத்தானது. ஈரக் கை, வழுக்கும் சீட்டு, நிற்காத உருளை. என் அத்தையின் வலது கை நடுவிரலும் மோதிர விரலும் அப்படித்தான் போயின. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. அந்த உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி வைக்கச் செலவு அதிகம் ஆகியிருக்காது. அவர் விரல் போன பிறகுதான் வைத்தார்கள். காயம் ஆறியதும் அத்தை அதே மிசினுக்குத் திரும்பினார், இழுக்கிற பக்கத்தில். மூன்று விரலால் அவர் கோலம் போடுவதைப் பார்த்துத்தான் நான் கோலம் கற்றேன்.

ஆயுத பூஜை அன்று அந்த மிசினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவரும் அத்தைதான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இன்னும் பத்துப் பேரு கை அதுகிட்ட இருக்குல்ல" என்றார்.

முடிந்த சரக்கு எங்கே போகும்?

சீட்டுகளை அடுக்கி அழுத்திப் பொதியாகக் கட்டுவார்கள். முந்தைய காலத்தில் மரப்பெட்டி. பிறகு பெட்டி இல்லாமல், ரப்பர் சீட்டையே மேலே சுற்றி, ஒட்டாமல் இருக்க வெள்ளைப் பூச்சு பூசி, தோட்டத்தின் அடையாளத்தை அச்சுத் தகடு வைத்துக் கறுப்பு மையில் போடுவார்கள். பொதி 250 பவுண்டு எடை. லோரியில் சுங்கை சிப்புட் ரயில் நிலையம், அங்கிருந்து துறைமுகம், அங்கிருந்து கப்பல்.

சம்பளம் எவ்வளவு இருந்தது?

1920களின் கடைசியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்திருந்தார்கள். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930இல் அதை 40 காசு, 32 காசு என்று குறைத்தார்கள். ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறும்போது சம்பளம் மெதுவாக ஏறும். விலை இறங்கும்போது உடனே இறங்கும். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதையே தடை செய்ததற்கு இந்தச் சம்பளத் தகராறு ஒரு முக்கியக் காரணம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதை அடக்கப் பட்டாளத்தை இறக்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு நாடு முழுவதற்குமான ஒரே பெரிய சங்கம் 1954இல்தான் உருவானது. அதை வழிநடத்தியவர் பி.பி. நாராயணன்.

மரம் வெட்டுபவர்களுக்குச் சம்பளம் பாலின் எடையைப் பார்த்து. ஆனால் வெறும் எடை போதாது, அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதற்கு மெட்ரோலாக் என்று ஒரு மிதவைக் கருவி உண்டு. பாலில் போட்டால் எந்தக் கோடு வரை மூழ்குகிறதோ அதுதான் கணக்கு. கிராணி குனிந்து பார்த்து எண்ணைச் சொல்வார். வெட்டினவருக்கு அந்தக் கோட்டைப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பெரிய சண்டைகள் எல்லாம் அந்தக் கோட்டைப் பற்றித்தான் நடந்தன. அப்பா என்னைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்பியதற்குச் சொன்ன காரணமும் அதுவே: "நம்ம வூட்ல ஒருத்தராவது அந்தக் கோட்டப் படிக்கணும்."

ஜப்பான்காரன் காலத்தில் ஸ்டோர் ஓடியதா?

ரப்பர் வாங்க ஆள் இல்லை. கப்பல் இல்லை. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டுத் தின்றார்கள். தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் தமிழர்கள் அங்கே செத்தார்கள். என் பாட்டியின் அண்ணன் போனவர், திரும்பவில்லை. பாட்டி இதற்கு மேல் பேச மாட்டார், நானும் இதற்கு மேல் எழுதவில்லை.

அவசரகாலம் சுங்கை சிப்புட்டில்தான் தொடங்கியதா?

ஆம். 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதை அடுத்து, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரை 12 ஆண்டுகள் நீடித்தது.

புத்தகங்களில் அந்த மூன்று துரைமாரோடு கதை முடிந்துவிடும். தோட்டத்து ஆட்களுக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். ஊரடங்கு. வேலைக்குப் போகும்போது சோறு கொண்டுபோகத் தடை வந்தது, காட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். விடியும் முன் வெளியே போகக்கூடாது என்றால் மரம் வெட்டத் தாமதம், பால் குறைவு, சம்பளம் குறைவு. ராத்திரி விழித்திருந்தாக வேண்டிய புகைவீட்டு ஆள் பாடுதான் இன்னும் மோசம். உள்ளே போனால் விடியும் வரை வெளியே வர முடியாது. அந்தப் பக்கம் காட்டுக்காரன், இந்தப் பக்கம் பட்டாளத்துக்காரன், நடுவில் அடுப்பு என்று தாத்தா சொல்வாராம்.

ஆனால் இதே காலத்தில் 1950-51இல் கொரியப் போர் வந்து ரப்பர் விலை ஒரு பவுண்டு எடைக்கு 2 வெள்ளியை (மலாயா டாலரை) தாண்டியது. எங்கள் ஸ்டோர் நிற்காமல் ஓடிய வருடங்கள் அவை.

தோட்டத் துண்டாடல் என்கிறார்களே, அது என்ன?

1957இல் சுதந்திரம் வரும் சமயத்தில் பல ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் பெரிய தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். துண்டு வாங்கினவருக்கு லயம் வேண்டாம், பள்ளி வேண்டாம், ஸ்டோரும் வேண்டாம். தலைமுறையாக அங்கேயே இருந்த குடும்பங்கள் ஒரே நாளில் வேலையும் வீடும் இழந்தன.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். துன் வீ.தி. சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர். தோட்டம் தோட்டமாகப் போய், "தோட்டம் விற்பனைக்கு வந்தால் நாமே வாங்குவோம், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுங்கள்" என்று கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மரம் வெட்டிய காசைச் சேர்த்து மரம் வெட்டுபவர்களே தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கி அந்தச் சங்கம் வரிசையாகத் தோட்டங்களை வாங்கியது. எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை, எங்களுடையதும் அதில் வரவில்லை. ஆனாலும் பாட்டியின் தகரப் பெட்டியில் அந்தச் சங்கத்துப் பங்குப் பத்திரம் பட்டுப்புடவைக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அப்புறம் ஸ்டோர் ஏன் மூடப்பட்டது?

ஒரே காரணம் இல்லை. 1965இல் எஸ்.எம்.ஆர். (ஸ்டாண்டர்ட் மலேசியன் ரப்பர்) என்ற புதிய தர முறை வந்தது. சீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் சொல்வதற்குப் பதிலாக, ரப்பரைப் பொடியாக்கிக் காயவைத்துக் கட்டியாக அழுத்தி, ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தரம் போட்டார்கள். டயர் கம்பெனிகளுக்கு அது வசதி. அதைச் செய்யப் பெரிய ஆலை வேண்டும், பல தோட்டங்களின் பால் ஒரே இடத்துக்குப் போக வேண்டும். சாலையும் லோரியும் நன்றாகிவிட்டதால் அது முடிந்தது. தோட்டத்துக்கு ஒரு ஸ்டோர் என்ற பழைய ஏற்பாடு மெல்ல மெல்லத் தேவையில்லாமல் போனது. கண்ணாடி மேசை முதலில் ஓய்ந்தது.

அடுத்தது செம்பனை, நம்மவர்கள் பேச்சில் முள்ளுத்தேங்காய். சிலாங்கூரில் தென்னமாரம் தோட்டத்தில் 1917இலேயே அது வியாபாரப் பயிராகத் தொடங்கிவிட்டது. ஆனால் ரப்பர் விலை தளர்ந்த பிறகு, 1960களிலிருந்துதான் வேகம் பிடித்தது. ரப்பருக்கு ஒவ்வொரு மரத்திலும் ஒருநாள் விட்டு ஒருநாள் கை பட வேண்டும், செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். எங்கள் தோட்டத்தில் மறுநடவு வரும்போதெல்லாம் ஒவ்வொரு பகுதியாகக் கித்தா போய்ச் செம்பனை வந்தது. பால் குறையக் குறைய மூன்று மிசின் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கடைசியில் புகைவீட்டு அடுப்பை அணைத்தார்கள். அணைத்தது அப்பாதான்.

ஸ்டோர் தண்ணீர் ஆற்றைக் கெடுத்தது உண்மையா?

உண்மை. தொட்டி கழுவிய ஆசிட் தண்ணீரும் பால் கழிவும் நேராக ஆற்றுக்குத்தான் போயின. கீழ்ப்பக்கம் வெள்ளையாக ஓடும், அழுகிய முட்டை வாடை வரும், மீன் இருக்காது. சுற்றுச்சூழல் சட்டம் 1974இல் வந்தது. ரப்பர் ஆலைகளுக்கான தனி விதிகள் 1978இல் வந்தன. அதற்குப் பிறகுதான் கழிவுக் குளங்கள் வெட்டினார்கள். செம்பனைக்குள் வட்டமாகத் தெரியும் இரண்டு குட்டைகள் அவைதான். ஸ்டோரை நேசிப்பதால் இதை மறைக்க நான் தயாரில்லை. அந்த ஆற்றில்தான் லயத்துப் பெண்கள் துணி துவைத்தார்கள்.

அங்கே இருந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

சிலர் டவுனில் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்கு, நிறையப் பேர் ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் தொழிற்சாலைகளுக்கு. பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் வேலை. வீட்டுக்கு உரிமை இல்லாததால் லயத்தைக் காலி செய்யும்போது கையில் கொடுத்த தொகை ஒரு வருட வாடகைக்குக்கூடப் போதவில்லை. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழாவுக்கு எல்லோரும் வருவார்கள். அன்று ஒருநாள் ஊர் முழு ஊராக இருக்கும்.

உள்ளே போய்ப் பார்க்கலாமா?

நிலம் தனியாருடையது, தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. மழை நாளில் வேண்டாம், கூரைத் தகரம் தளர்ந்திருக்கிறது. தொட்டிப் பக்கம் புல் மூடிய பள்ளங்கள் உண்டு, குளவிக் கூடும் உண்டு. செருப்பு போதாது, பூட்ஸ் போடுங்கள். உள்ளே இடதுபுறச் சுவரில் தரை மட்டத்திலிருந்து இடுப்பு உயரம் வரை சுண்ணாம்பு தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும் இடத்தைப் பாருங்கள். பெண்கள் ஓய்வு நேரத்தில் சாய்ந்து உட்கார்ந்த இடம்.

எங்கள் வீட்டில் பழைய பொருள்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

எறியாதீர்கள். பால் வெட்டும் கத்தி, மங்கு, காண்டாக் கம்பு, தலைவிளக்கு, சம்பளச் சீட்டு, அச்சுத் தகடு எதுவானாலும் சரி, ஒரு படம் எடுத்து, யாருடையது, என்ன வேலைக்கு என்று எழுதி வையுங்கள். பேரைப் பெரியவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். செக்ரோலில் கிராணி எழுதின பேரும் வீட்டில் கூப்பிட்ட பேரும் வேறாக இருக்கும். அடையாள அட்டையில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். மூன்றையும் எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் குரூப் போட்டோ. பழைய தோட்டப் படங்களில் துரை நாற்காலியில் நடுவில் இருப்பார், கிராணிமார் இருபுறமும், பின்னால் நிற்கும் ஸ்டோர் பெண்களுக்குப் பேரே இருக்காது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொண்டுவாருங்கள். அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது. பின்வரிசையில் யார் யார் என்று ஒவ்வொருவராகச் சொல்வார். நான் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.